வகைக்கு ஒரு படம்: குடவோலை முறையில் ஒரு பட்டியல்

அக்கா பையன் போன மாசம் கேட்டான். "மாமா, த்ரில்லர், காமெடி, ஹாரர்னு வகைக்கு ஒரு தமிழ்ப் படம் சொல்லுங்க. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது." அந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. தமிழ்ப் படம் எல்லாமே ஒரே மாதிரி என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான். நான் முதலில் சொல்லும் நாலைந்து படங்கள் சொதப்பினால் அந்த முடிவு உறுதியாகிவிடும்.

ஓடிடி தளங்களைப் பார்த்தால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பாதிப் படங்களுக்குக் கீழே 'ஆக்‌ஷன், காமெடி, டிராமா, ரொமான்ஸ்' என்று வரிசையாக டேக் போட்டிருக்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், எல்லா வரிசையிலும் ஒரே மதிப்பு இருக்கும் கட்டத்தை வைத்து எதையும் பிரிக்க முடியாது. நம்ம படம் முழுச் சாப்பாடு மாதிரி. எல்லாம் இருக்கும். அப்போ எது என்ன வகை என்று எப்படிச் சொல்வது?

விடை எங்க ஊர்க் கோயில் சுவரில் கிடைத்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) இருக்கின்றன. குடவோலை என்றதும் எல்லோருக்கும் குடமும், அதில் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனும்தான் ஞாபகம் வரும். ஆனால் கல்வெட்டில் நிறைய இடம் பிடிப்பது யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்பதுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர்கள், பிறர் பொருளைக் கவர்ந்தவர் என்று பட்டியல் நீள்கிறது. முதலில் நீக்கு, பிறகு தேர்ந்தெடு.

தமிழ்ப் படத்துக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். எதைச் சேர்த்தது என்பதைவிட, எதை விட்டுக்கொடுத்தது என்பதில்தான் ஒரு படத்தின் வகை தெரிகிறது. அந்தக் கணக்கில் என் பட்டியல் இது. முடிவுகளைச் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

துப்பறியும் படம்: அந்த நாள் (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நாயகன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான் என்பதுதான். அதுவும் 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆன சிவாஜி! பிறகு அவரைத் தெரிந்தவர்கள் சொல்லச் சொல்ல ஆள் வேறு வேறாகத் தெரிகிறார். 'ரஷோமோன்' சாயல் என்பார்கள். ஆனால் அதில் உண்மை கடைசிவரை கைக்குச் சிக்காது. இதில் ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. அதிகாரி உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார். அந்த அளவில் இது நேர்மையான துப்பறியும் கதை.

காமெடி: காதலிக்க நேரமில்லை (1964). ஸ்ரீதர் இதில் நீக்கியது வில்லனையும் அழுகையையும். பணக்கார அப்பா, ஏழைக் காதலன் என்ற கதைக்கு அன்றைய வழக்கப்படி இரண்டாம் பாதியில் கண்ணீர் வந்தே தீர வேண்டும். வரவில்லை. நாகேஷ் கதை சொல்லி பாலையாவைப் பயமுறுத்தும் காட்சியைக் கவனியுங்கள். சிரிப்பில் பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தில்தான் இருக்கிறது. பாட்டுகள் நிறைய உண்டு, ஒன்றும் உறுத்தாது. பாட்டை எடுத்தால்தான் நல்ல படம் என்பது என் வாதம் இல்லை.

கிராமக் கதை: உதிரிப்பூக்கள் (1979). இதில் விட்டுக்கொடுத்தது வசனம். இயக்கிய மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' எழுதியவர், வசனம்தான் அவருடைய கைமுதல். அதையே குறைத்துக்கொண்டார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து கிளம்பி வெகுதூரம் போகும் படம். ஒரு கெட்டவனை ஊரே சூழ்ந்துகொள்ளும்போது நமக்குச் சந்தோஷம் வர வேண்டும். வராது. ஏன் வரவில்லை என்று யோசித்தால் அதுதான் படம்.

வசனமே இல்லாத படம்: பேசும் படம் (1987). சிங்கீதம் சீனிவாச ராவ். தியேட்டர் பக்கத்தில் குடியிருந்து பழகியவனுக்குப் பெரிய ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராது. சண்டைக்காட்சிச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து போட்டுக் கேட்டுத் தூங்குவான். ஒரு வார்த்தை பேசாமல் ஒருவன் எங்கிருந்து வந்தான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஆக்‌ஷன்: குருதிப்புனல் (1995). இந்திப் படமான 'துரோக்கா'லின் மறு ஆக்கம். பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்து இயக்கினார். பாட்டு கிடையாது. அதோடு நாயகன் தோற்கவே மாட்டான் என்ற உத்தரவாதமும் கிடையாது. எவனையும் எங்கோ ஓரிடத்தில் அழுத்தினால் உடைவான் என்பதுதான் கதை. நாயகனும் அதற்கு விலக்கு இல்லை.

ஹாரர்: யாவரும் நலம் (2009). பாழடைந்த பங்களாவும் தனி காமெடி டிராக்கும் இல்லை. புது அடுக்குமாடி வீடு, மதியம் 1 மணி சீரியல், மாதவன் ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட். ஆரம்பப் பாட்டுகளையும் எடுத்திருக்கலாம், கொஞ்சம் இழுவை.

குடும்பக் கதை: வீடு (1988). பாலுமகேந்திரா பாட்டையும் வில்லனையும் மட்டுமல்ல, ஆறுதலையும் நீக்கிவிட்டார். ஒரு பெண் வீடு கட்டுகிறாள், அவ்வளவுதான் கதை. எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சமயம், 'நம்ம கதைதான்மா' என்று அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வரும் இடத்தில் அம்மா எழுந்துபோய்விட்டார். "இதை ஏன்டா எனக்கு இப்பக் காட்டற?" என்று மட்டும் கேட்டார். நான் வகையைப் பார்த்தேன், பார்க்கப் போகிறவரைப் பார்க்கவில்லை. வீடு முடிந்து குடிபோன பிறகும் அம்மா மீதியைப் பார்க்கவில்லை.

கடைசியாக, என் விதியை உடைக்கும் ஒரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். தில்லானா மோகனாம்பாள் (1968). காதல், சிரிப்பு, வில்லத்தனம், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. ஏ.பி. நாகராஜன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாகேஷின் வைத்தியை எடுத்தால் மோகனாம்பாளைச் சுற்றியுள்ள ஆபத்து புரியாது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியை எடுத்தால், பெரிய சபைகளுக்கு வெளியே இருக்கும் கலைஞர்களின் பாடு தெரியாது. நாதஸ்வரத்தை எடுத்தால் படமே இல்லை. முழுச் சாப்பாடு என்று நான் கிண்டலாகச் சொன்னதற்கு இந்தப் படம்தான் பதில். எல்லாம் இருப்பது குறை இல்லை, தேவையில்லாமல் இருப்பதுதான் குறை.

பையனுக்கு அனுப்பிய வரிசை: முதலில் பேசும் படம், அடுத்து அந்த நாள், பிறகு காதலிக்க நேரமில்லை. இந்த மூன்றும் பிடித்தால் உதிரிப்பூக்கள். 'வீடு' படத்தை மட்டும் இப்போதைக்கு அனுப்பவில்லை. அவன் அப்பா மனை வாங்க அலைந்துகொண்டிருக்கிறார்.