இடது சக்கரம் எங்கே?

கார் ஷோரூம்களில் இப்போது வானத்தை விற்கிறார்கள். கூரையில் பாதியைக் கண்ணாடியாக்கி, பட்டனைத் தட்டினால் திறக்கிற மாதிரி செய்து, 'பனோரமிக் சன்ரூஃப்' என்று பெயர் வைத்து, அதற்குத் தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொள்கிறார்கள். சென்னையின் மே மாத வெயிலில் அதைத் திறந்து வைத்து ஓட்டியவர் யாராவது இருந்தால் பார்க்க ஆசை. உள்ளே ஏறி உட்கார்ந்ததும் 'அடடா, எவ்வளவு விசாலம்!' என்று மனைவி சொல்ல, கணவர் செக் எழுதிவிடுகிறார். அந்த விசாலம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாலமாக இருப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. கடந்த இருபது முப்பது வருஷமாக முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது என் கட்சி.

இதைச் சோதிக்க நாலு வழிச் சாலை உதவாது. அங்கே கண்ணைப் பாதி மூடிக்கொண்டுகூட ஓட்டலாம், சிலர் ஓட்டுகிறார்கள். சரியான பரீட்சை ஹால் போடிநாயக்கனூருக்கு மேற்கே இருக்கிறது. ஊரைத் தாண்டி முந்தல் செக்போஸ்ட் வரை வயலும் மாந்தோப்புமாகச் சாதுவாக வருகிற சாலை, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் மடங்கி மடங்கி, புலியூத்தைத் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேல் இருக்கிற போடிமெட்டைத் தொடுகிறது. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை என்று பழைய பலகைகள் சொல்லும். நெடுஞ்சாலை என்ற சொல்லில் 'நெடு' மட்டும் நிஜம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மேலே போகப் போக மேகம் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும். இந்த மலையில் டிரைவருக்கு வேண்டியது ரெண்டே தகவல். எதிரே என்ன வருகிறது? என் இடது முன் சக்கரம் இப்போது எங்கே இருக்கிறது? எந்த வண்டியும் இந்த இரண்டு கேள்விக்கும் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் அதன் டிசைனுக்கு மார்க் போட வேண்டும்.

இந்தச் சாலையின் ராஜா ஜீப். சுதந்திரம் வந்த கையோடு, 1940களின் இறுதியில், மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த கமாண்டர், மேஜர் போன்ற நீள ஜீப்கள்தான் ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போயின. தயாரிப்பு நின்று பல வருஷமாகியும் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து இன்னமும் ஓடுகிற வண்டிகள் உண்டு.

அதன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். சௌகரியம் என்ற சொல்லை மறந்துவிடுங்கள். ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும், முழங்காலுக்கு இடமிருக்காது. ஆனால் முன்னால் நிமிர்ந்து நிற்கிற தட்டைக் கண்ணாடி. அதன் சட்டம் இரண்டு மூன்று விரல் அகலம்தான். பக்கத்தில் கதவே இல்லை, இருந்தாலும் பெயருக்கு ஒரு ரெக்ஸின் திரை. தலையை வெளியே நீட்டி முன் சக்கரம் மண்ணைக் கடிப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், பானெட்டின் இரு பக்கமும் பலகை போலத் தட்டையாக நிற்கும் மட்கார்டுகள். இடது மட்கார்டின் ஓரம் சீட்டிலிருந்தே தெரியும். அதற்குக் கீழேதான் சக்கரம். எதிரே பஸ் வந்து ஓரம் கட்டச் சொல்லும்போது, பள்ளத்துக்கு எத்தனை விரல்கடை பாக்கி என்பதை அந்த ஓரம் சொல்லிவிடும்.

"மூக்கு தெரியணும் சார். மூக்கு தெரிஞ்சாத்தான் முகத்தைத் திருப்ப முடியும்" என்றார் ஒரு ஜீப் டிரைவர். டிசைன் கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லித்தருவதை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

ஜீப்பை வடிவமைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தா செய்தார்கள் என்றால், இல்லை. அது யுத்த வண்டி. சீக்கிரம், மலிவாக, தகரத்தை நேராக மடித்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சொல்லப்போனால் 1953ல் வந்த சிஜே-3பி மாடலில் எஞ்சின் முன்னைவிட உயரமாகிவிட்டதால் பானெட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. பார்வை கொஞ்சம் குறைந்தது. நம்மூரில் பல பத்தாண்டுகள் ஓடியது அந்த உயர்ந்த நெற்றிதான். அப்படியும் இன்றைய கார்களைவிட மேலாகத் தெரிகிறது என்றால் பிரச்னை எங்கே என்று பார்க்க வேண்டும்.

பிரச்னை தூண்களில் இருக்கிறது. முன் கண்ணாடிக்கு இரு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்களை 'ஏ பில்லர்' என்பார்கள். இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு பென்சிலை முகத்துக்கு நேராகக் கை நீட்டிப் பிடித்து எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் சுவரில் ஒரு கீற்று மறையும். இரண்டு கண்ணையும் திறந்தால் எதுவும் மறையாது, பென்சில் ஆவி மாதிரி ஆகிவிடும். ஒரு கண்ணுக்கு மறைவதை மற்றொன்று பார்த்துவிடுகிறது. அடுத்து, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையை நீளவாக்கில் இரண்டாக மடித்து அதேபோல் பிடியுங்கள். இம்முறை இரண்டு கண்ணைத் திறந்தாலும் சுவரில் ஒரு பட்டை காணாமல் போகும். காரணம் எளிது. நம் கண்மணிகளுக்கு நடுவில் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதைவிட ஒல்லியான எதையும் இரண்டு கண்ணும் சேர்ந்து ஜெயித்துவிடும். அதைவிடத் தடித்தால் தோல்வி.

ஜீப்பின் சட்டம் பென்சில் ஜாதி. பழைய அம்பாசிடர், ஃபியட் தூண்களும் ஏறக்குறைய அப்படித்தான் (அவற்றின் முன் கதவில் திருப்பிவிடுகிற முக்கோணக் கண்ணாடி வேறு இருக்கும், காற்று நேரே முகத்தில் அடிக்கும், அதை எடுத்தவனை மன்னிக்கவே முடியாது). இன்றைய கார்களில் தூண், அதன் பிளாஸ்டிக் உறை, ஒட்டினாற்போல் பெரிய சைடு மிரர் எல்லாம் சேர்ந்து மடித்த பத்திரிகை ஜாதி. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு தூண் இருந்தால், 30 மீட்டருக்கு அப்பால் ஒன்றே முக்கால் மீட்டர் அகலத்துக்கு மேல் உலகமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்பு முக்கோணம்தான். அந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறவர், பின்னால் கட்டிய மூட்டை அத்தனையும் மறைந்துவிடலாம். இரண்டு பேரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கினால் அந்த 30 மீட்டர் இரண்டே விநாடியில் தீர்ந்துபோகும்.

அதிலும் நாம் வலப்பக்கம் உட்கார்ந்து, இடப்பக்கம் போகிறவர்கள். வலது பக்கம் மடங்கும் கொண்டை ஊசியில் எதிர் வண்டி எங்கிருந்து வருமோ, மிகச் சரியாக அங்கேதான் பக்கத்துத் தூண் நிற்கும். மைலேஜுக்காகவும் அழகுக்காகவும் முன் கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே போனதில் தூணும் சாய்ந்து, முன்னால் நீண்டு, திரும்பும்போது பார்க்க வேண்டிய பாதையில் குறுக்கே விழுந்துவிட்டது. மலையில் அனுபவசாலிகள் ஓட்டும்போது கவனியுங்கள், பெருமாள் கோயில் குதிரை மாதிரி முன்னும் பின்னும் தலையை ஆட்டுவார்கள். தூணைச் சுற்றி எட்டிப் பார்க்கிறார்கள்.

தூண் தடித்ததற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1973லிருந்து கார் கூரை வண்டி எடையைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்று விதி. 2009ல் அதை மூன்று மடங்காக்கினார்கள். இங்கே புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில். 2023ல் நமக்கென்றே நட்சத்திரம் போடும் 'பாரத் என்கேப்' வந்தது. எல்லாம் நல்லதே. பள்ளத்தில் உருண்ட பின் காப்பாற்றுகிற தூண் வேண்டும்தான். உருளாமல் இருக்கப் பார்வை வேண்டும் என்பதற்கும் ஒரு நட்சத்திரம் கொடுங்கள் என்கிறேன். மோதினால் என்ன ஆகும் என்று பொம்மையை உட்கார வைத்துச் சோதிக்கிறவர்கள், அதே பொம்மையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்றும் அளந்து ஸ்டிக்கரில் போடலாம்.

அளக்க முடியாத விஷயமல்ல. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆய்வு நிறுவனம் 2025ல் அளந்து காட்டியது. இந்தியாவிலும் 2020 வரை விற்ற ஹோண்டா சிஆர்-வியை எடுத்துக்கொண்டார்கள். 1997 மாடலில் டிரைவருக்கு முன்னால் 10 மீட்டர் வட்டத்துக்குள் 68 சதவிகித இடம் தெரிந்தது. 2022 மாடலில் 28 சதவிகிதம். அதே பெயர், அதே கம்பெனி. பானெட் உயர்ந்து, தூண் தடித்து, கண்ணாடி குறுகி, உலகத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் சீட்டை உயர்த்திவிட்டதால் ஓட்டுகிறவர் யானை மேல் போகிற கம்பீரத்தில் இருக்கிறார். தூரத்து மலை ஜோராகத் தெரியும். பக்கத்துக் குழந்தை தெரியாது.

360 டிகிரி கேமரா இருக்கிறதே என்பீர்கள். பார்க்கிங்கில் பிரமாதம். ஒன்பதாவது வளைவில், மேகத்துக்குள், எதிரே லாரி ஹாரன் கேட்கும்போது கண்ணை இறக்கி டேஷ்போர்டில் சினிமா பார்க்க முடியுமா? ஹாரன் என்றதும் ஞாபகம் வருகிறது, காதும் பார்வையின் பாகம்தான் இந்த மலையில். திறந்த ஜீப்பில் வளைவுக்கு அந்தப் பக்கம் கியர் மாற்றும் சத்தம் கேட்டே அது பஸ்ஸா லாரியா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாலு கண்ணாடியும் ஏற்றி, ஏ.சி. போட்டு, இளையராஜாவையும் போட்டுவிட்டால் அந்தத் தகவல் உள்ளே வராது. குற்றம் ராஜாவுடையதல்ல.

ஜீப் புராணம் பாடிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தத் திறப்பெல்லாம் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். தினமும் விடிகாலையில் போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தும் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் ஜீப்களில் ஏறுகிறார்கள். தூக்குவாளி, கொங்காடித் துணி, பழைய சட்டை சகிதம். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் முழங்காலோடு முழங்கால் இடிக்க, தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கச் சதுரத்தில் விலகிப் போகிற சாலை. வந்த வழி தெரியும், போகிற வழி தெரியாது. வண்டி எந்தப் பக்கம் ஒடிக்கப்போகிறது என்று தெரியாததால்தான் பின்னால் உட்கார்ந்தவருக்கு வாந்தி வருகிறது, முன்னால் இருப்பவருக்கு வருவதில்லை.

பர்மிட்டில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆள் ஏறும் நாள்களில் இன்னொன்றும் நடக்கிறது. முன் சீட்டில் மூன்று பேர், நான்கு பேர். டிரைவர் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. இடப்பக்கம் முழுக்கத் தலைகள். நான் இவ்வளவு நேரம் சிலாகித்த அந்த இடது மட்கார்டு ஓரம், நாலு பேர் தோளுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. கம்பெனி வைக்காத தூணை நாம் வைத்துவிட்டோம். அத்துடன் கூரை என்பது வெறும் தார்ப்பாய், பெல்ட் கிடையாது. கவிழ்ந்த செய்தி அவ்வப்போது பேப்பரில் வரும். சோதனை செய்து நாலு நாள் கெடுபிடி நடக்கும், ஐந்தாம் நாள் பழையபடி. தோட்டத்துக்காரர் வண்டி வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் வரை தலைகள் கூடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுகிறவரின் பார்வையும் கூலிக் கணக்கில் ஒரு வரி.

நிற்க. கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை, செலவில்லாதது. சன்ரூஃப் பட்டனைத் தட்டிக் காட்டுகிற பையனை, தயவுசெய்து கீழே இறங்கி வண்டிக்கு முன்னால் இடது மூலையில் போய்க் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் டிரைவர் சீட்டில் இருந்து பாருங்கள். பிறகு அவரை எழுந்து, வலது பக்கமாக வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். எங்கெங்கே காணாமல் போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் விலை பேசலாம்.