கைப்பேசியின் காப்பெண்ணும் மரக்காணத்து உப்பும்

கைப்பேசி வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள். விற்பனையாளர் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சிட்டுள்ள 'ஐபி 68' என்ற குறியைக் காட்டுகிறார். "தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, சார்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தண்ணீர் என்று நீங்கள் கேட்டீர்களா?

நகரத்து அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இக்கேள்வி பெரிதன்று. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பு வணிகரிடம் கணக்கெழுதுபவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். உப்பை மொத்தமாக வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் ஆணை மின்னஞ்சலில் வரும். அயோடின் அளவைச் சொல்லும் ஆய்வுக்கூட அறிக்கையும் அதில்தான் வரும். கடிதம் வரும் வேளையில் நீங்கள் பாத்திகளுக்கு இடையே வரப்பின்மேல் நிற்பீர்கள். பதில் தாமதமானால் அந்த ஆணை வேறு ஊருக்குப் போய்விடக்கூடும். ஆகவே, தொழில் அஞ்சலுக்கு ஏற்றவை என்று விற்கப்படும் கருவிகளை உப்பளத்தின் பக்கம் நின்று மதிப்பிட்டுப் பார்ப்போம்.

எண் சொல்வது என்ன?

ஐபி என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்னும் தரநிலை தரும் காப்பு எண். முதல் இலக்கம் தூசியைக் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைக் குறிக்கும். அது 7 ஆனால், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 8 ஆனால், அதனினும் கடுமையாக, உற்பத்தியாளரே குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் சோதித்திருக்கிறார்கள்.

இச்சோதனை நன்னீரில், புதிய கருவியைக் கொண்டு நடப்பது. நீர் உள்ளே புகுந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. உப்பு வெளியே இருந்துகொண்டு என்ன செய்யும் என்பதை அது பார்ப்பதில்லை.

இவ்வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. சாம்சங் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை 2016 முதல் 2018 வரை வெளியிட்ட ஒன்பது விளம்பரங்கள், அதன் கேலக்ஸி பேசிகளை நீச்சல் குளத்திலும் கடல்நீரிலும் பயன்படுத்தலாம் என்று காட்டின. ஈரம் காயுமுன் மின்னேற்றினால் அப்பேசிகளின் மின்னேற்றும் துளை அரித்துப் பழுதாகக்கூடும் என்பதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

உப்பு செய்வது என்ன?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அந்நீர் வெயிலில் வற்றி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் பாத்தியில் சோற்றுப்பு படியத் தொடங்குகிறது. ஆக, உங்கள் பேசி பாத்தியில் விழுந்தால் அது கடலில் விழுவதைவிடக் கொடிய நீரில் விழுகிறது.

விழாமலே இருந்தாலும் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். உப்பளக் காற்றில் பறக்கும் துகளில் இரண்டும் கலந்திருக்கும். கடற்கரைக் காற்றோ பெரும்பாலும் ஈரமானது. ஆகையால் மின்னேற்றும் துளையில் படிந்த உப்பு, வெளிப்பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

இப்போது மின்னிணைப்பைச் செருகுகிறீர்கள். 5 வோல்ட் அழுத்தம், இரு உலோக முனைகள், நடுவே உப்புநீர். பள்ளி ஆய்வகத்தில் செய்த மின்பகுப்பு இங்கே ஓசையின்றி நடக்கிறது. நேர்மின் முனையின் உலோகம் கரைகிறது. சில மாதங்களில் "மின்னேறவில்லை" என்று பழுது பார்ப்பவரிடம் போகிறீர்கள். நீரால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது என்று பல நிறுவனங்கள் சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றன. பெட்டியின் முகப்பில் பெருமையாக அச்சிட்ட எண்ணுக்கு உள்ளே இருக்கும் தாளில் பொறுப்பு ஏற்கவில்லை என்றால், அதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

'ராணுவத் தரம்' என்ற விளம்பரத்தையும் காண்பீர்கள். மில்-எஸ்.டி.டி 810 என்பது ஒரே சோதனையன்று. பல சோதனைகளின் தொகுப்பு. எவற்றைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்ளலாம். அத்தொகுப்பில் 509 என்ற எண்ணுடையதே உப்பு மூடுபனிச் சோதனை. 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை செல்சியசில் பனிபோல் தெளித்தும் உலர்த்தியும் பார்ப்பது அது. கீழே விழும் சோதனையை மட்டும் செய்துவிட்டு 'ராணுவத் தரம்' என்று போட்டுக்கொண்ட பேசி உப்பளத்துக்கு எதையும் உறுதி செய்வதில்லை.

வெயிலும் விரலும்

கருவி பழுதாகாமல் இருந்தாலும் கடிதத்தைப் படிக்க முடியுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதில் வெண்ணிற உப்பு அம்பாரத்தின் பொலிவு சுமார் 25,000 நிட் இருக்கும். கண்ணாடித்திரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதாவது, அம்பாரத்தின் பிம்பமே திரையில் 1,000 நிட் பொலிவோடு நிற்கும். உங்கள் திரை தருவது 500 நிட் என்றால், கடிதத்தைக் காண்பதற்குப் பதில் அம்பாரத்தைத்தான் காண்பீர்கள். விளம்பரங்களில் வரும் பெரிய நிட் எண்கள் பெரும்பாலும் திரையின் சிறு பகுதிக்கு, சிறிது நேரத்துக்கு மட்டும் கிடைப்பவை. பல பேசிகளின் கையேடுகள் 35 பாகை செல்சியஸ் வரையே பயன்படுத்தச் சொல்கின்றன. அதைத் தாண்டிச் சூடேறினால் பேசி தானாகவே திரையை மங்கச் செய்கிறது. மே மாத மரக்காணம் அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை.

தொடுதிரையும் இங்கே தடுமாறும். விரல் பட்ட இடத்தில் மின்தேக்குத்திறன் மாறுவதைக் கொண்டே அது தொடுதலை உணர்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே ஒரு துளி உப்புநீரையும் விரலென்றே எண்ணிக்கொள்ளும். பாதி எழுதிய கடிதம் தானே போய்விட்டால் வியப்பில்லை.

பொத்தான்கள் உள்ள பிளாக்பெரி போன்ற பேசி நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். 1999-இல் வந்த அதன் முதல் அஞ்சல் கருவி, கையடக்கத்தில் கடிதம் எழுதும் பழக்கத்தைப் பரப்பியது. ஆனால் அந்நிறுவனம் தன் பழைய இயங்குதளங்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்திவிட்டது. பழைய பேசியை மலிவாக வாங்கி ஏமாற வேண்டாம்.

கடிதம் எங்கே இருக்கிறது?

எந்தப் பேசியும் உப்பளத்தில் ஒருநாள் கெடும். அப்போது கடிதங்களும் போகுமா என்பதே முதன்மையான கேள்வி. அஞ்சலை எடுக்கும் நெறிமுறைகள் இரண்டு. 'பாப்' முறை பொதுவாகக் கடிதத்தைக் கருவிக்குள் இறக்கிக்கொண்டு வழங்கியிலிருந்து நீக்கிவிடும். 'ஐமேப்' முறை கடிதத்தை வழங்கியிலேயே வைத்து, கருவியில் அதன் படியைக் காட்டும். ஐமேப்பில் பேசி ஒரு சன்னலே; பெட்டகம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த அமைப்பு எந்தக் காப்பெண்ணையும்விட மேலான காப்பு. இதற்குக் கூடுதல் விலையும் இல்லை.

இன்னும் இரண்டு செய்திகள். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பல பேசிகள் திரை அணைந்திருக்கும்போது அஞ்சல் செயலியை உறங்க வைத்துவிடும். கடிதம் வந்தும் மணி ஒலிக்காது. அமைப்புகளில் அஞ்சல் செயலிக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். அடுத்து, மின்னஞ்சலின் இணைப்பில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. 3 மெகாபைட் அறிக்கை 4 மெகாபைட்டாகிறது. அலைவலிமை குறைந்த இடத்தில் நின்று அதை அனுப்ப முயன்று மின்கலத்தைத் தீர்க்காதீர்கள்.

முடிவு

உப்பளத்துக்கு விலையுயர்ந்த பேசி வேண்டியதில்லை என்பதே நமது மதிப்பீடு. கம்பியின்றி மின்னேற்ற முடிகிறதா, துளைக்கு மூடி உண்டா, 509 சோதனை செய்யப்பட்டதா, நீர்ப்பழுதுக்கு உத்தரவாதம் உண்டா என்று நான்கு கேள்விகளைக் கடையில் கேளுங்கள். நான்குக்கும் "இல்லை" என்றால், நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி உறையில் இட்டுக் காப்பதே சிக்கனம். காப்பெண் பெற்ற பேசியில் உப்புநீர் பட்டால் நன்னீரால் அலசித் துடைத்து, துளை நன்கு உலர்ந்த பின்பே மின்னேற்றுங்கள். கடிதத்தைக் கொட்டகை நிழலில் நின்று படியுங்கள்.

பாத்தி நீரின் செறிவை நாக்கால் மட்டும் தீர்மானிக்காமல் பாமே மானியை மிதக்கவிட்டுப் பார்க்கும் தொழில் இது. கைப்பேசிப் பெட்டியில் உள்ள எண்ணையும் அப்படியே நம்பிவிடாமல், அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று கேட்டு வாங்குவோம்.