இரண்டு காண்டாக்டர் மரபு

சங்க மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது மோட்டார் தொடக்க முறைகள் முழுவதையும் பற்றிய கட்டுரை. டி.ஓ.எல்., ஸ்டார்-டெல்டா என்று நம் உறுப்பினர்களுக்கு நான் பாடம் எடுப்பது அழகல்ல. சாஃப்ட் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் எத்தனை காண்டாக்டர் வேண்டும் என்ற ஒரே வழக்கைத்தான் எழுதப்போகிறேன். நம் சங்கக் கூட்டங்களில் காபி ஆறிப்போனதெல்லாம் பெரும்பாலும் இந்த வழக்கால்தான்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகியதும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்து காட்டியதும் நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. அதன் பிறகு ஸ்டார்ட்டர் கட்டியவர்கள் மூன்று வீட்டாராகப் பிரிந்தார்கள். பம்புசெட் பக்கம் போனவர்கள் ஸ்டார்-டெல்டா வீட்டார். மில்லில் பெரிய மோட்டார்களைப் பார்த்தவர்கள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வீட்டார். மதுக்கரை சிமென்ட் ஆலைப் பக்கம் கை பழகியவர்கள் ஸ்லிப்-ரிங் வீட்டார்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் வந்தபோது ஒவ்வொரு வீட்டாரும் தம் பழக்கத்தோடுதான் அதைத் தொட்டார்கள். ஸ்டார்-டெல்டா வீட்டாருக்கு மோட்டாரிலிருந்து ஆறு வயர் ஏற்கெனவே பேனலுக்கு வந்து கிடந்தது. அதனால் டெல்டாவுக்கு உள்ளேயே சாஃப்ட் ஸ்டார்ட்டரைக் கோத்தார்கள். லைன் கரண்டில் 58 சதவீதம்தான் அதன் வழியே போகும் என்பதால் சின்ன சைஸ் போதும், காசும் மிச்சம். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வீட்டாருக்கு, மோட்டார் வேகம் பிடித்ததும் டிரான்ஸ்ஃபார்மரை விலக்கிவிட்டு ஓட்டும் காண்டாக்டரைப் போடுவது ரத்தத்தில் ஊறியது. பைபாஸ் காண்டாக்டர் அவர்களுக்குப் புதுமையே இல்லை. ஸ்லிப்-ரிங் வீட்டார் கடைசிவரை நம்பவில்லை. வோல்டேஜ் பாதியானால் டார்க் கால் பங்காகும், பாரத்தோடு நிற்கிற சிமென்ட் அரைக்கும் மில் அசையாது என்றார்கள். அந்த வேலைக்கு அவர்கள் சொன்னது சரிதான்.

எங்கள் ஆசிரியர் பீளமேட்டில் பேனல் கட்டியவர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் பிறந்து, பைபாஸுக்கு முன்னால் ஒரு லைன் காண்டாக்டரும் வேண்டும் என்று தனி மரபு கண்டவர். புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மோட்டார் நின்னுருச்சு. டெர்மினல்ல கை வைப்பியா கண்ணு?" என்பதுதான். வைப்பேன் என்றவன் அன்று முழுக்க லக் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காரணம் இருக்கிறது. தைரிஸ்டர் அணைந்தாலும் அதன் பக்கத்தில் உள்ள ஸ்னப்பர் வழியே மோட்டார் முனை வரை வோல்டேஜ் கசியும். இரண்டு ஃபேஸை மட்டும் ஆளும் மாடல்களில் மூன்றாவது ஃபேஸ் எப்போதும் நேராகவே போய் நிற்கும். தைரிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும். இவற்றையெல்லாம்விடப் பெரியது, பைபாஸ் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்வது. லைன் காண்டாக்டர் இல்லாத பேனலில் அப்படி ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காண்டாக்டர் ஐசொலேட்டர் ஆகாது, பூட்டுப் போடும் ஐசொலேட்டர் தனியாக வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

பைபாஸ் ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊரில் பஞ்சுத் தூசியே போதிய காரணம். ஓடும்போது தைரிஸ்டர்களில் ஆம்பியருக்கு ஏறக்குறைய 3 வாட் சூடாகப் போகும். 100 ஆம்பியர் மோட்டாருக்கு 300 வாட். ஃபேன் வைத்தால் ஃபில்டரைப் பஞ்சு அடைக்கும், மூடி வைத்தால் பேனல் வேகும்.

எங்கள் பட்டறையில் வரிசைதான் வேதம். முதலில் லைன் காண்டாக்டர், பிறகு ஸ்டார்ட் கட்டளை, ராம்ப் முடிந்த ரிலே வந்த பிறகே பைபாஸ். நிறுத்தும்போது பைபாஸ் முதலில் விடும், வோல்டேஜ் மெல்ல இறங்கும், கரண்ட் நின்ற பிறகு லைன் விடும். இந்த வரிசையில் ஓடும் பேனலில் காண்டாக்ட் முனைகள் கருகுவதே அரிது. ஃபால்ட் ரிலேயும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் மட்டும் லைன் காயிலை நேராக அறுக்கும். சாதாரண ஸ்டாப் பட்டனையும் அந்தக் காயிலோடு கோத்துவிட்டால் சாஃப்ட் ஸ்டாப்புக்குக் கொடுத்த காசு வீண். பம்பு பட்டென்று நின்று, நான்-ரிட்டர்ன் வால்வு அறைந்து, பைப்லைன் அதிரும். பைபாஸை சி.டி.க்கு வெளியே போட்டு ஓவர்லோடைக் குருடாக்கக் கூடாது. கெப்பாசிட்டரை சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் போடவே கூடாது.

பைபாஸின் சைஸில் மட்டும் எங்களுக்குள்ளேயே சண்டை. கரண்ட் ஏறி இறங்கிய பிறகு மூடுவதால் ஏ.சி.-1 கணக்கு போதும் என்று ஒரு சாரார். காகிதத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆசிரியரோ ஏ.சி.-3 கணக்கில்தான் போடுவார். என்றைக்காவது சாஃப்ட் ஸ்டார்ட்டர் படுத்துவிட்டால் அந்தக் காண்டாக்டரில் நேராக ஓட்டி ஷிஃப்டை முடிக்கலாமே என்பார். நான் அவர் பக்கம். வேறு பக்கம் இருந்தால் இந்தக் கட்டுரையை எழுத என்னைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இப்போது வரும் பேனல்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நல்ல வேலை செய்யும் இளைஞர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. ஆனாலும், உள்ளேயே பைபாஸ் இருக்கிறது, வெளியே காண்டாக்டர் எதற்கு என்ற பேச்சு சகஜமாகிவிட்டது. டெல்டாவுக்கு உள்ளே கோத்த பேனலிலேயே லைன் காண்டாக்டர் இல்லாததைக் கண்ணால் பார்த்தேன். மோட்டார் நிற்கிறது, ஒவ்வொரு வைண்டிங்கின் ஒரு முனையும் லைனில் தொங்குகிறது! கதவைத் திறந்தால் வயரில் ஃபெருல் நம்பர் இல்லை. கதவுப் பையில் டிராயிங் இல்லை. கேட்டால் போனில் இருக்கிறது என்கிறார்கள், போன் வேறு ஊரில் இருக்கிறது. பவர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு கண்ட்ரோலை மட்டும் ஓட்டிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்தது. மோட்டாரைக் கழற்றாமல் தைரிஸ்டரோடு சேர்த்து மெக்கர் போடுகிறார்கள். காண்டாக்டர் இரைந்தால் ஷேடிங் ரிங் உடைந்ததா, காயில் வோல்டேஜ் குறைவா, முகத்தில் தூசியா என்று காதால் பிரித்துச் சொன்னவர்கள் இருந்த ஊர் இது. இன்று இரைச்சல் கேட்டால் காண்டாக்டரையே மாற்றிவிட்டு பில் போடுகிறார்கள். கதவுக்கு மட்டும் பளபளவென்று பவுடர் கோட்டிங். பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதும் இதே காலத்தில்தான் குறைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யாராவது நிரூபிக்கட்டும்.

சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மாதிரி பேனல் வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். லைனுக்கு ஒன்று, பைபாஸுக்கு ஒன்று, இரண்டு காண்டாக்டரையும் நான் தருகிறேன், இரண்டும் ஏ.சி.-3. சாஃப்ட் ஸ்டார்ட்டரை ஏ.சி.-1 சாரார் யாராவது தரட்டும்; காண்டாக்டரில் மிச்சம் பிடித்த காசு அவர்களிடம்தானே இருக்கிறது.