கணக்கில் வராத ‘கம்பெனி பஸ்’: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தை முன்வைத்து அரசுப் போக்குவரத்துத் தரவுகளின் தரம் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் போக்குவரத்துத் தரவுகளின் தரம் பெரும்பாலும் எண்களின் துல்லியத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. எண்ணப்பட வேண்டிய பொருளைத் தரவின் வகைப்பாடு இனங்காண்கிறதா என்பது அதற்கு முந்திய வினா. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாகனப் பதிவேடு, போக்குவரத்துக் கழகப் புள்ளிவிவரம், சாலை விபத்து அறிக்கை ஆகிய நான்கிலும் எவ்வாறு இடம்பெறுகிறது, எவ்வாறு மறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்ந்து, சில சீர்திருத்தங்களை முன்மொழிகிறது.

திறவுச் சொற்கள்: தரவுத் தரம், வகைப்பாடு, நிறுவனப் பேருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாகன் பதிவேடு, சாலை விபத்து.

1. முன்னுரை

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும், ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வண்டலூர் – வாலாஜாபாத், சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் மாநில நெடுஞ்சாலைகளும் இத்தொழில்தடத்தின் அடிப்படைச் சட்டகம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும் 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் தொடர்ந்தன. இன்று கார், கைப்பேசி, மின்னணுப் பொருள்கள் என உற்பத்தி விரிந்துள்ளது. பணிமுறை மாறும் வேளைகளில் இச்சாலைகளை நிறைப்பவை, தொழிலாளர் பேச்சில் ‘கம்பெனி பஸ்’ எனப்படும் நிறுவனப் பேருந்துகள். காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு போன்ற ஊர்களைத் தொழிற்சாலை வாயிலோடு இணைப்பவை இவையே. ஆயினும் இவற்றில் நாள்தோறும் எத்தனை பேர் எவ்வளவு தொலைவு செல்கின்றனர் என்ற வினாவுக்கு மேற்சுட்டிய நான்கு தரவு மூலங்களுள் எதுவும் விடை தருவதில்லை. இவ்வின்மையின் காரணம் கணக்கெடுப்போரின் கவனக்குறைவு அன்று. அது வகைப்பாட்டிலேயே உள்ளது.

2. தரம் என்னும் கருத்து

அரசுப் புள்ளிவிவரங்களுக்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையம் 1994இலும் பொது அவை 2014இலும் ஏற்றன. அவற்றின் வழிவந்த தர மதிப்பீட்டுச் சட்டகங்கள் பொருத்தப்பாடு, துல்லியம், காலத்தோடு வெளியிடல், அணுக்கம், ஒப்பிடத்தக்க தன்மை, ஒத்திசைவு ஆகியவற்றைத் தரத்தின் கூறுகளாகக் கொள்கின்றன. இந்திய விவாதங்களில் துல்லியமும் அணுக்கமுமே பெரிதும் பேசப்படுகின்றன. 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் அதன் வழி உருவான திறந்த தரவுத் தளமும் அணுக்கத்தை விரிவாக்கின. பொருத்தப்பாடு, ஒத்திசைவு ஆகிய இரண்டும் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. பிழையின்றி எண்ணப்பட்ட ஓர் அட்டவணையும் தவறான எல்லைக்கோட்டின் மீது அமைந்திருந்தால் தரமுடையதாகாது.

3. நான்கு மூலங்கள்

3.1 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

2011 கணக்கெடுப்பின் பி–28 அட்டவணை, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் சாராத ‘பிற தொழிலாளர்’ பணியிடத்துக்குச் செல்லும் தொலைவையும் வழிமுறையையும் மாவட்ட அளவில் தருகிறது. பணிப்பயணம் குறித்து நாடு முழுவதையும் தழுவிய அரிய மூலம் இது. ஆனால் அதில் ‘பேருந்து’ ஒரே வகை. அரசு நகரப் பேருந்தில் நின்றுகொண்டு செல்பவரும் நிறுவனப் பேருந்தில் ஒதுக்கிய இருக்கையில் செல்பவரும் ஒரே கட்டத்தில் அடங்குகின்றனர். இதனால் பொதுப் போக்குவரத்தின் பங்கு உயர்ந்து தோன்ற வாய்ப்புண்டு.

காலமும் எல்லையும் மற்றிரு தடைகள். 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடையில் 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிக்கப்பட்டது. எனவே 2011இன் ‘காஞ்சிபுரம்’ எண்ணும் 2027இன் ‘காஞ்சிபுரம்’ எண்ணும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கமாட்டா. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க சிப்காட் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. இத்தகைய விடுதிகள் நெடுந்தொலைவுப் பயணத்தைச் சில கிலோமீட்டராகச் சுருக்குகின்றன. இம்மாற்றத்தின் அளவை அறிய 2011 அட்டவணை உதவாது.

3.2 வாகனப் பதிவேடு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் பேருந்தை மூன்று நிலைகளில் காண்கிறது: தனித்தனிக் கட்டணத்தில் வழித்தடத்தில் ஓடும் ஸ்டேஜ் கேரியேஜ், முழு வண்டியாக வாடகைக்கு அமர்த்தப்படும் கான்ட்ராக்ட் கேரியேஜ், உரிமையாளர் தம் தொழில் தொடர்பாக வாடகையின்றி ஆள்களை ஏற்றிச் செல்லும் தனியார் சேவை வாகனம். நிறுவனம் சொந்தமாக வாங்கி இயக்கும் பேருந்து மூன்றாம் வகையில் சேரும். ஒப்பந்ததாரரிடம் வாடகைக்கு எடுத்தது இரண்டாம் வகையில், திருமண வண்டிகளோடும் சுற்றுலா வண்டிகளோடும் கலந்துவிடும். ஒரே பணியைச் செய்யும் இரு பேருந்துகளை உடைமை முறை இருவேறு வகைகளாக்குகிறது. சட்டத்தின் நோக்கம் அனுமதியும் வரியும் ஆதலால் அதனளவில் இது பிழையன்று. நிர்வாகப் பதிவேட்டைப் போக்குவரத்துப் புள்ளிவிவரமாக எடுத்தாளும்போதே சிக்கல் எழுகிறது.

பதிவு செய்யப்பட்ட இடமும் ஓடும் இடமும் ஒன்றல்ல. திருவண்ணாமலையில் பதிவான இருசக்கர வாகனம் ஆண்டு முழுவதும் ஒரகடத்தில் ஓடலாம். பதிவு நீக்கம் கோரப்படாத பழைய வண்டிகள் பதிவேட்டின் மொத்தத்தில் தங்கிவிடுகின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகவாரியான எண்ணிக்கையை அவ்வட்டாரச் சாலைகளின் சுமையாகக் கொள்வது இவ்விரு காரணங்களாலும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

3.3 போக்குவரத்துக் கழகப் புள்ளிவிவரம்

போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகள் ஆண்டுதோறும் பேருந்துகளின் எண்ணிக்கை, ஓடிய தொலைவு, பயணிகள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கழகவாரியாகத் தருகின்றன. இவை இயக்கத்தை அளப்பவை. தேவையை அளப்பவை அல்ல. நாள் சராசரி என்னும் அளவு, மூன்று பணிமுறைகளால் இயங்கும் ஒரு பகுதியின் காலை, பிற்பகல், நள்ளிரவு நெரிசல்களைச் சமன்செய்து மறைத்துவிடுகிறது.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம், பின்னர் விடியல் பயணம் எனப் பெயர் பெற்றது. இத்திட்டம் பெண்களின் நகரப் பேருந்துப் பயணத்தைத் தனியே எண்ணும் வாய்ப்பை உருவாக்கியது. ஆயினும் நிறுவனப் பேருந்தில் செல்லும் பெண் இக்கணக்கில் வாரார். தொழில்தடத்தில் அரசுப் பேருந்துப் பயணிகள் குறைவாகக் காணப்பட்டால், அது தேவையின்மை என்று வாசிக்கப்படும் இடர் உண்டு. தேவை இல்லை என்பதால் பேருந்து இல்லை. பேருந்து இல்லை என்பதால் பயணி இல்லை என்ற சுழலைத் தரவே நிலைப்படுத்திவிடும்.

3.4 சாலை விபத்து அறிக்கை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு நாட்டில் முதலிடம் பெற்றது. உயிரிழந்தோர் 17,884 பேர். அதாவது நூறு விபத்துகளுக்கு 27.9 பேர். இதே விகிதம் உத்தரப் பிரதேசத்தில் 54.1, பீகாரில் 82.4, கேரளத்தில் 9.8. பீகாரில் பதிவான விபத்துகள் 10,801 மட்டுமே. சாலைகளின் கொடுமை இம்மாநிலங்களிடையே எட்டு மடங்கு வேறுபடுகிறது என்று கொள்வதைவிட, உயிரிழப்பில்லாத விபத்துகள் சில மாநிலங்களில் முழுமையாகவும் சிலவற்றில் அரிதாகவும் பதிவாகின்றன என்று கொள்வதே பொருந்தும். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாட்டின் ‘முதலிடம்’ ஓரளவுக்கு அதன் பதிவேட்டின் நேர்மைக்குச் சான்று. தரம் குறித்த குறிப்பின்றி வெளியாகும் எண், நன்கு பதிவு செய்யும் மாநிலத்தைத் தண்டிக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் முதலில் நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இடக்குறியீட்டோடு விபத்தைப் பதிவதில் அது பெரும் முன்னேற்றம். எனினும் வெளியிடப்படும் ஆண்டு அட்டவணைகளில் பேருந்து ஒரே வகையாகவே நிற்கிறது. இறந்தவர் பணிக்குச் சென்றவரா, பணி முடிந்து திரும்பியவரா என்பதையும் அவ்வட்டவணைகள் தெரிவிப்பதில்லை.

4. ஊர்ப்பெயரும் ஒத்திசைவும்

இந்நான்கையும் இணைத்து வாசிக்க முயல்வோர் முதலில் எதிர்கொள்வது பெயர்ச்சிக்கல். ஸ்ரீபெரும்புதூர், திருப்பெரும்புதூர் என இருவகையாகவும் ஊர்ப்பெயர் வழங்குகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் மேலும் வேறுபடுகின்றன. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றிய அரசாணை வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரைச் சீராக்குவது பண்பாட்டு விவாதம். தரவை இணைப்பதற்கு அதன் முடிவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் நிறுத்தத்துக்கும் மாறாக் குறியீட்டெண் ஒன்றும் அதனோடு தமிழ்ப்பெயரும் மாற்றுவடிவங்களும் இருந்தால் போதும்.

5. பள்ளிப் பேருந்து காட்டும் வழி

வகைப்பாடு மாற்றத்தக்கதே என்பதற்கு இத்தொழில்தடத்தின் அண்டையிலேயே சான்று உள்ளது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்ததை அடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழ்நாடு சிறப்பு விதிகள் அவ்வாண்டே வந்தன. கல்வி நிறுவனப் பேருந்து சட்டத்தில் முன்பே தனி வகையாக வரையறுக்கப்பட்டிருந்ததால், எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதில் ஐயம் எழவில்லை. பெயருள்ள வகைக்கே விதி வகுக்கவும் ஆய்வு நடத்தவும் இயலும்.

நிறுவனப் பேருந்துக்கும் அத்தகைய பொதுநலக் காரணம் உண்டு. பெண்களை இரவுப்பணியில் அமர்த்துவதற்குத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் நீக்கியபோது, போக்குவரத்து வசதி உள்ளிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. இரவுப்பணிக்கு நிபந்தனையாக விளங்கும் பயணத்தை அளக்க ஒரு கட்டம்கூட இல்லாதபோது, அந்நிபந்தனை நிறைவேறுகிறதா என்பதை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

நிறுவனப் பேருந்து தனியார் ஏற்பாடு. அதைக் கணக்கெடுப்பது அரசின் பணியன்று என்ற மறுப்பு எழலாம். அப்பேருந்துக்கு அனுமதி வழங்குவதும் வரி பெறுவதும் தகுதிச் சான்று அளிப்பதும் அரசே; அது ஓடுவது பொதுச்சாலையில். தகவலின் பெரும்பகுதி ஏற்கெனவே அரசிடம் உள்ளது. அதைப் பிரித்தறியும் குறிப்பு மட்டுமே இல்லை.

6. முன்மொழிவுகள்

(அ) கான்ட்ராக்ட் கேரியேஜ், தனியார் சேவை வாகனம் ஆகிய இரண்டின் அனுமதிப் பதிவிலும் ‘தொழிலாளர் போக்குவரத்து’ என்னும் பயன்பாட்டுக் குறிப்பைச் சேர்த்தல். சட்டத் திருத்தத்தைவிட இது எளிது.

(ஆ) விபத்துப் பதிவில் பேருந்தின் சேவை வகையையும் பயண நோக்கத்தையும் இணைத்து, ஆண்டறிக்கையில் தனித்து வெளியிடல்.

(இ) வரும் கணக்கெடுப்பின் பயண அட்டவணையிலும் தேசிய அளவிலான வீட்டுப் பயண ஆய்வுகளிலும் அரசு, தனியார் வழித்தட, நிறுவனப் பேருந்துகளைப் பிரித்தல். பழைய மாவட்ட எல்லைக்கு மாற்றிக் காணத் தாலுகா அளவில் வெளியிடல்.

(ஈ) போக்குவரத்துக் கழகத் தரவை நாள் சராசரியோடு மணிநேர அளவிலும் வெளியிடல். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டதால், தொழில்தடத்துக்கான பொது நிறுத்தக் குறியீட்டைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் முன்னெடுக்கலாம்.

(உ) ஒவ்வோர் அட்டவணையோடும் அதன் வரையறை, விடுபாடு, அறியப்பட்ட குறை ஆகியவற்றைக் கூறும் தரக்குறிப்பைத் தமிழிலும் வெளியிடல்.

இவற்றில் தனியொருவரின் பயணம் இனங்காணப்படாதவாறு தொகுத்து வெளியிடுதல் கட்டாயம். விடுதியில் தங்கும் பெண்ணின் நேரமும் வழித்தடமும் பாதுகாப்புச் செய்திகள். அவற்றை அம்பலமாக்கும் தரவு எவ்வளவு நுட்பமாயினும் நல்ல தரவாகாது.

7. முடிவுரை

நான்கு மூலங்களிலும் நிறுவனப் பேருந்து முற்றிலும் இல்லாமல் இல்லை. ஒன்றில் அரசுப் பேருந்தோடு கலக்கிறது. ஒன்றில் சுற்றுலா வண்டியோடு கலக்கிறது. ஒன்றில் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒன்றில் விபத்துக்குள்ளானால் மட்டும், அதுவும் அடையாளமின்றி, தோன்றுகிறது. ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தனியே திருத்துவதால் இக்குறை தீராது. அவற்றின் எல்லைக்கோடுகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடுவதே தர மதிப்பீட்டின் முதற்படியாதல் வேண்டும். தொழிலாளர் அன்றாடம் வழங்கும் ‘கம்பெனி பஸ்’ என்னும் சொல்லுக்கு அரசு அட்டவணையில் ஓர் இணைச்சொல் அமையும்வரை, இத்தொழில்தடத்துக்கான போக்குவரத்துத் திட்டமிடல் அதன் முதன்மைப் பயணியை அறியாமலேயே நடைபெறும்.