பூங்கரகமும் பூக்குழியும்

'பூ' என்ற ஓரெழுத்துச் சொல் இன்னொரு பெயருக்கு அடையாக வரும்போது இரண்டு விதமாகப் புணரும். பூக்கொடி என்றாலும் சரி, பூங்கொடி என்றாலும் சரி; தொல்காப்பியமும் நன்னூலும் இரண்டையும் ஏற்கின்றன. வழக்கு அப்படி விட்டுவிடவில்லை. காசு புழங்கும் இடத்தில் வல்லினம்: பூக்கடை, பூக்கூடை, பூக்காரி. கவிஞன் கைபட்ட இடத்தில் மெல்லினம்: பூங்காற்று, பூஞ்சோலை, பூந்தென்றல், பூம்பாவை. பூங்காற்றில் பூவே இருக்க வேண்டியதில்லை. மென்மை, அழகு என்ற பொருளே போதும். தலையில் பூ வைக்காவிட்டாலும் பூங்குழலி பூங்குழலிதான்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லின்சம், சுவா பெத்தோங் என்று ரப்பர்த் தோட்டம் தோட்டமாகக் குடியேறிய தமிழர்களோடு இந்த அடையும் கப்பலேறியது. பூங்கோதை, பூங்காவனம் என்று பெண்பிள்ளைகளுக்குப் பெயரானது. மரத்தோடு மட்டும் ஒட்டவில்லை. ரப்பரும் பூக்கத்தான் செய்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டி, புதுத்தளிர் விடுகிற நாளில் வெளிர்மஞ்சள் பொடிப்பூக்கள் கொத்துக்கொத்தாக வரும். இதழ் கிடையாது, மணம் உண்டு. மரம் சீவிப் பால் எடுக்கிறவருக்கோ அது பால் குறைந்து, கூலியும் குறைகிற காலம். பூவைப் பாட யாருக்கு மனம் வரும்? தோட்டத்துத் தமிழ் அந்த மரத்துக்குப் 'பால்' என்ற அடையைத்தான் கொடுத்தது. அகிலனும் தம் மலேசியத் தோட்ட நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயர் வைத்தார். பின்னால் வந்த எண்ணெய்ப்பனையான செம்பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே குலைதான் பேச்சு.

பேச்சு இப்படியென்றால், எழுத்தில் வந்த கவிதைக்கு முரசு நெடுமாறன் 1997-இல் வெளியிட்ட 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' முதல் வாசல். தோட்டத்தைப் பாடும் மரபுக் கவிதையில் பூஞ்சோலையும் பூந்தென்றலும் தலைகாட்டும்போது, அவை பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவையாகவே எனக்குப் படுகின்றன. எதுகை மோனைக்கு உதவுகின்றன; அவ்வளவே.

அடை உயிரோடிருக்கும் இடம் மாரியம்மன் கோயில். திருவிழாவன்று செம்பில் நீர் நிரப்பி, வேப்பிலை செருகி, சரம் சரமாகப் பூச்சுற்றி, உச்சியில் எலுமிச்சம்பழம் வைத்தால் அது பூங்கரகம். நெருப்புக் கனன்று கிடக்கும் குழியோ பூக்குழி. கையில் ஏந்தும் தீச்சட்டி பூச்சட்டி. குழியிலும் சட்டியிலும் பூ என்பது தணல். அம்மைக் கொப்புளத்தை 'முத்து' என்கிற அதே பயபக்திதான் இதற்கும் அடியில் இருக்கிறது. சங்கப் பாட்டின் பூவுக்கு மென்மை பொருள் என்றால், இந்தப் பூவுக்கு அச்சமும் மரியாதையும் பொருள். அகராதிக்காரர்கள் இதைத் தனிப்பொருளாகவே குறிக்கலாம் என்பது என் கட்சி.

மெய்யான பூ சுற்றிய கரகத்துக்கு மெல்லினமும், பூவே இல்லாத குழிக்கு வல்லினமும் வாய்த்தது தற்செயலா? கரகத்தைப் பூக்கரகம் என்போரும் உண்டு. பூங்குழி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.