நீதி சொல்லாத யானை

சிறுவர் நூல் என்றால் முடிவில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் வழக்கம். ஓவியரும் கதைசொல்லியுமான அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி' அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றுவதில்லை. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் வெளியீடு இது. பெரியதோர் யானைக்குச் சளி பிடிக்கிறது. ஊரார் ஆளுக்கொரு கைமருந்து தருகின்றனர். யானை பெரிதாய்த் தும்முகிறது. கதை அவ்வளவே.

எனினும், இதை வெறும் வேடிக்கையெனத் தள்ளுதல் தகாது. பிணியுற்ற ஓர் உயிருக்காக ஊரே கவலையுறுகிறது. பிறரன்பு என்ற சொல்லே இல்லாமல் பிறரன்பு காட்டப்படுகிறது. நல்ல சமாரியர் உவமையைச் சொன்ன ஆண்டவரும், அயலான் யார் என்பதைத் தாமே கூறவில்லை. வினவியவனையே சொல்ல வைத்தார்.

இத்தகைய கதையை ஓவியர் நூலகத்தில் சொல்லிக்கொண்டே வரையும்போது, வெற்றுத் தாளில் யானை பிறப்பதைக் குழந்தை காண்கிறது. தன் கையாலும் இது இயலும் எனத் துணிகிறது. ஆனால் எல்லாத் தாள்களிலும் ஒரே யானை வருமாயின், அது ஓவியமன்று; நகல். ஒரே அளவில் துணி வெட்டும் பனியன் தொழிலின் நடுவே வளரும் நம் அவிநாசிபாளையம் வட்டாரக் குழந்தைகளுக்கு, அளவுக்கு அடங்காத ஒரு யானை தேவை.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. சிற்றூர் நூலகத்திற்கோ ஒரு பாயும் சில தாள்களும் போதும். நம் மறைக்கல்வி வகுப்பிலும், கதை முடிந்ததும் நீதியைக் கேளாமல், முதலில் ஒரு வெற்றுத் தாளைக் கொடுப்போம்.