பாக்கியவான் யார்?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் 'பாக்கியவான்' என்னும் சொல் யாரைக் குறித்து வழங்கியது என்பதை லயத்து வீடுகளில் வளர்ந்தோர் நன்கு அறிவர். மகன் கிராணி வேலையில் அமர்ந்தால் தகப்பன் பாக்கியவான். ஊரில் காணி நிலம் வாங்கிப் போட்டவன் பாக்கியவான். பிள்ளை பெறாதவளோ பாக்கியம் இல்லாதவள். இவ்வழக்குக் கிறித்தவர்க்கும் பிறர்க்கும் பொது. இதிலே பழகிய செவிகளில்தான், எளியோரையும் துயருறுவோரையும் பாக்கியவான்கள் என்று அழைக்கும் மலைப்பொழிவும் வந்து விழுந்தது. கேட்டவர் திடுக்கிட்டிருக்க வேண்டும்; பெரும்பாலோர் திடுக்கிடவில்லை. ஏன் என்பதே நம் ஆராய்ச்சி.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு இரு சொற்கள் உள. ஒன்று 'யூலோகெயின்'; நல்லதைச் சொல்லுதல் என்பது அதன் பொருள். இலத்தீனிலும் அதற்கு ஈடான சொல் அவ்வாறே அமைந்தது. தமிழில் 'ஆசீர்வாதம்' என்பதிலும் சொல்லுதல் என்னும் கருத்து உண்டு. இது வாழ்த்து, வாயிலிருந்து பிறப்பது. மற்றொன்று 'மக்காரியோஸ்'. ஓமரின் காப்பியங்களில் இதனோடு உறவுடைய 'மக்கார்' தேவர்களுக்கு அடைமொழி. பின்னர் இச்சொல் செல்வர்க்கும், கவலை கடந்துவிட்ட இறந்தோர்க்கும் வழங்கலாயிற்று. இது வாழ்த்தன்று, வேண்டுதலும் அன்று; இவர் நிலை இத்தகையது என்னும் அறிவிப்பு. எபிரேயத்திலும் 'பாரூக்', 'அஷ்ரே' என இவ்வேறுபாடு உண்டு. சங்கீதங்களின் முதற்சொல்லே 'அஷ்ரே' என்பது நினைக்கத் தக்கது.

இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் காண வேண்டுவோர் லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்துக் கொள்க. மரியாள் மலைநாட்டிற்குச் சென்று எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதி அது. சிரம்பானிலுள்ள கத்தோலிக்க ஆலயம் அச்சந்திப்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரே வாழ்த்துரையில் எலிசபெத் மரியாளை முதலில் 'ஆசீர்வதிக்கப்பட்டவள்' என்கிறாள். சிறிது பின்னர்ப் 'பாக்கியவதி' என்கிறாள். இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கடந்து போவது பிழை. முன்னது அவள் பெற்றதைச் சொல்வது. பின்னது அவள் நம்பியதைப் பற்றியது. 1871-இல் முற்றுப்பெற்ற மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைக் காத்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் 'ஆசி', 'பேறு' என இருவேறாகவே வைத்தது. பாராட்டுக்குரியது.

ஆயினும் மலைப்பொழிவிற்குப் 'பேறுபெற்றோர்' என்பது தகுமா? நல்ல தமிழ், ஐயமில்லை. 'பாக்கியவான்கள்' ஆண்பால் வடிவம். விடியலில் பெரட்டுக்களத்தில் நின்ற பெண்களை அது புறத்தே நிறுத்தியது. 'பேறுபெற்றோர்' இருபாலார்க்கும் பொது. அக்குறை தீர்ந்தது. ஆனால் ஒன்று போயிற்று. பேறு நூல்வழக்கு, தோட்டத்தில் யாரும் கிராணியாரைப் பேறுபெற்றவர் என்று சொன்னதில்லை. 'வான்' விகுதி உடைமை குறிப்பது. உடைமையே இல்லாதவனை உடையவன் என்று அழைத்ததில் ஓர் அதிர்ச்சி இருந்தது. கிராணியார்க்கு உரிய பட்டத்தைப் பால்மரம் வெட்டுபவனுக்குச் சூட்டுவது போன்றது அது. புதிய சொல்லில் அவ்வதிர்ச்சி இல்லை.

பழைய சொல்லிலும் பெருங்கேடு ஒன்று உண்டு. பாக்கியம் வடமொழியில் பங்கு என்னும் அடியிற் பிறந்தது. அவரவர்க்கு விதிக்கப்பட்ட பங்கு. (கடைக்கணக்கில் நின்ற 'பாக்கி' வேறு, அஃது அரபு வழி வந்தது. தோட்டத்து மக்களுக்கு இரண்டாவதே பெரிதும் வாய்த்தது.) ஆகவே பாக்கியவான் என்றதும் கேட்டவர் உள்ளத்தில் தலையெழுத்தே எழுந்தது. அவர்கள் திடுக்கிடாமைக்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. ஏழ்மையும் எழுத்து, அதன் பயனும் எழுத்து. பொறுத்திரு என்று பொருள் கொண்டனர். அவ்வாறே பொருள் சொன்ன உபதேசியாரும் இருந்திருப்பர். ஆனால் 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி என்று வரையறுத்ததும், 1930-இல் வந்த மந்தத்தில் அதையும் குறைத்ததும் தலையெழுத்தா? மனிதர் எழுதிய எழுத்து அது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின் கூலியைப் பேசித் தீர்மானிக்க வேண்டிய பொருளாக்கினார். மலைப்பொழிவு இதற்குத் தடை சொல்லவில்லை. நீதியின்மேல் பசிதாகம் உடையோரும் அப்பட்டியலில் உளர் என்பதை ஏனோ பலர் விட்டுவிடுகின்றனர்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தலையெழுத்துப் பேச்சும் குறைந்தது. அதனிடத்தில் 'ஆசீர்வாதம்' வந்து அமர்ந்துள்ளது. புதுவீடு ஆசீர்வாதம், வாகனம் ஆசீர்வாதம், பதவி உயர்வு ஆசீர்வாதம். ஆபிரகாம் ஆசி பெற்றது பிறர்க்கு ஆசியாவதற்கே என்பதை இவ்வழக்கு மறந்தது. கிராணி மகனைப் பெற்ற தகப்பனே மீண்டும் பாக்கியவானாகிவிட்டார், பெயர்தான் மாறிற்று.

பிள்ளை இல்லாதவளுக்கு இச்சொல் என்ன சொல்கிறது? அவளைப் பாக்கியம் இல்லாதவள் என்று மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கியதில் கிறித்தவக் குடும்பங்களும் பின்தங்கவில்லை. லூக்கா பதினோராம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றைப் புகழ்ந்து குரல் எழுப்புகிறாள். தோட்டத்து ஆத்தா ஒருத்தி சொல்லக்கூடிய பேச்சே அது. இயேசுவோ, இறைமொழியைக் கேட்டு அதன்படி நடப்போரே மிகுதியும் பாக்கியவான்கள் என்று திருத்துகிறார். தம் தாயையும் பெற்றதற்காக அன்றி நம்பியதற்காகவே அவ்வரிசையில் வைக்கிறார். எலிசபெத் முதலிற் சொன்னதும் இதுதான். முதுமை வரை மலடி என்னும் பழிச்சொல்லைக் கேட்டு வாழ்ந்தவள் அவள்.